பளிச்சி கழுவிய கண்ணாடித் தட்டுகள்

பளிச்சி என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். முறைக்கு எனக்கு நாத்தனார். சொந்த நாத்தனார் இரண்டு பேர் இருந்தும், கல்யாணமான புதிதில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டவள் இவள் ஒருத்திதான். சின்ன வயதில் தட்டில் தன் முகம் தெரிகிறவரை தேய்ப்பாளாம். அவள் அப்பா வைத்த பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

புருஷன் தவறிய பிறகு, உயிர்களை ஆராய்கிற ஒரு கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவப் போனாள். பதினோரு வருடம் ஆகியும் தற்காலிக வேலைதான். வருடத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வருடம் சின்ன மகளுக்குக் கடைசி வருடப் படிப்பு.

அவள் கழுவிக் கொடுத்தது ஒரு டாக்டரம்மாவுக்கு. ஊசி போடாத டாக்டர். பளிச்சி கழுவிய கண்ணாடித் தட்டுகளில் நீந்தும் நகத்தளவு மீன்குஞ்சுகள்தான் அவளுக்கு நோயாளிகள். அறுந்த நரம்பு மறுபடி வளர்ந்து வால் சதையைப் போய்ச் சேருமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். நரம்போ கண்ணுக்குப் புலப்படாது. அதனால் வால் சதையில் ஒரு பொட்டுச் சாயம் வைப்பாள். நரம்பு வந்து சேர்ந்திருந்தால் சாயம் அதற்குள் ஏறிப் போகும். ஊதா விளக்கைக் காட்டினால் போன வழி மட்டும் நீலமாக ஒளிரும். சாயம் வைக்காத குஞ்சுகள் சிலவற்றையும் ஒத்துப்பார்க்க வைத்திருப்பாள். அவை இருட்டாக இருக்க வேண்டும்.

இந்தத் தடவை அவையும் ஒளிர்ந்தன. சாயத்தை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், மூன்று வாரமாகியும் நீலம் போகவில்லை. வைக்காததே ஒளிர்ந்தால் வைத்ததை யார் நம்புவார்? மாதக் கடைசியில் குழு ஒன்று பார்வையிட வருகிறது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் இரண்டு வருட வேலையை இழுத்து மூடிவிடுவார்கள். டாக்டரம்மா கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போவதைப் பளிச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், அழுக்குத் தட்டுகளை எடுக்க இருட்டறைக்குள் போனாள். ஊதா விளக்கை யாரோ அணைக்காமல் விட்டிருந்தார்கள். கை நீட்டினாள். அவளுடைய வெள்ளைக் கோட்டின் கை முழுக்க நீலம்.

சாயம் கொட்டிவிட்டதோ என்று கழற்றி உதறினாள். ஒன்றும் உதிரவில்லை. முதல்நாள்தான் வீட்டில் துவைத்த கோட்டு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கே கழுவக் கொடுக்கிற திரவம் தட்டில் மங்கலாக ஒரு படலம் விடுகிறதென்று, ஒரு மாதமாக வீட்டு வாஷிங் பவுடரில்தான் தட்டுகளை ஊறவைத்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தேய்ப்பதில் தனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணம்.

ஒரு சிட்டிகைப் பவுடரைக் கறுப்புத் தாளில் கொட்டி விளக்கடியில் வைத்தாள். சந்தேகமே இல்லை. பேசாமல் பழைய திரவத்துக்கே மாறிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று வாரமாக எது ஒளிர்ந்தது என்று டாக்டரம்மாவுக்கும் கடைசிவரை தெரியாது. தாளை மடித்துக்கொண்டு அவளைத் தேடிப் போனாள்.

"டாக்டரம்மா, கொஞ்சம் இருட்டறைக்கு வாங்க. என் கோட்டப் பாருங்க."

"என்னக்கா இது, சாயம் கொட்டிக்கிட்டீங்களா?"

"சாயத்தத் தொட எனக்கென்ன பைத்தியமா? இது எங்க வீட்டு வாஷிங் பவுடரு. உங்க தட்டையும் ஒரு மாசமா இதுலதான் ஊறவெச்சேன்."

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "கேன்ல குடுத்தது என்னாச்சு?"

"மங்கலாக் கழுவுச்சு. இன்னும் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..."

"துணிய வெள்ளையாக் காட்டறதுக்கு அதுலயும் ஒரு சாயம் போடறாங்கக்கா. நான் மூணு வாரமா சாயம் வித்தவன சபிச்சிட்டிருக்கேன்."

"அவரு பாவம், விட்டுடுங்க. இனிமே என்னச் சபிங்க. கையெழுத்து விஷயமா பெரிய அதிகாரிகிட்ட என்ன சொன்னாலும் உங்க இஷ்டம். நாலு நாள் குடுங்க, எல்லாத்தையும் கழுவிக் குடுத்துட்டுப் போறேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "போறேன்னா எங்க போவீங்க? தட்டு எங்க இருக்குன்னே உங்களத் தவிர யாருக்கும் தெரியாது."

பவுடர் பட்ட தொட்டியும் பிரஷ்களும் வெளியே போயின. கேன் திரவத்தில் ஒரு தரம், சுத்தத் தண்ணீரில் ஏழு தரம். காய்ந்த ஒவ்வொரு தட்டையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். எவ்வளவு கழுவியும் நீலம் போகாத பதினாறு தட்டுகளைக் கழித்துவிட்டாள். நாலு நாளும் கைத்தோல் ஊறி வெளுத்துக் கிடந்தது.

பிறகு தேறிய தட்டுகளில் புதுக் குஞ்சுகளை வைத்தார்கள். சாயம் வைக்காத குஞ்சைப் பளிச்சியைத்தான் முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள் டாக்டரம்மா.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலம்மா. கும்மிருட்டு."

"நல்லாப் பாருங்க."

"சத்தியமா இருட்டுதான்."

டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடி விடாமலே, சாயம் வைத்த குஞ்சை லென்சுக்குக் கீழே நகர்த்தினாள். வாலிலிருந்து ஒரு நீலக் கோடு, தலைமுடியைவிட மெல்லிசாக, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து முதுகுவரை ஏறியிருந்தது.

"சேந்துடுச்சாம்மா?"

"சேந்துடுச்சுக்கா."

குழு வந்தது, பார்த்தது, வேலையைத் தொடரச் சொல்லிவிட்டுப் போனது. பளிச்சியின் தாளிலும் கையெழுத்து விழுந்தது. அதில் டாக்டரம்மா ஒரு வரி சேர்த்திருந்தாள்: கழுவிய சாமானை விளக்கில் சோதித்துக் கொடுப்பதும் இவர் வேலை.

போன மாதம் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். கோட்டு பழுப்படித்துக் கிடந்தது.

"ஏண்டி, பளிச்சின்னு பேர வெச்சுக்கிட்டு இப்படியா வர்றது?" என்றேன்.

"பேசாம இருங்கண்ணி. இப்ப கோட்டுக்கும் பவுடரு போடறதில்ல. என்னால ஒரு மீனு கூட நீலமா மினுங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் சட்டிகளைத் தேய்க்க எழுந்து போனாள்.