உங்கள் அம்மாவின் தாளத்துக்கு நான் ஆடியது

உங்கள் அம்மா பல்கலைக்கழகத்தில் நடனம் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படிப்புக்காக நானும் ஆடினேன் என்பது தெரியாது. சிரிக்காமல் படியுங்கள்.

தொண்ணூற்றொன்றில் எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் பத்தாவது முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாலாஜாபாத் பெண், சின்ன வயதிலிருந்தே பரதம் கற்றவள். மெட்ராஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில் கடைசி வருஷம் படிக்கும்போதுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மெட்ராஸ் பஸ், எனக்குக் கம்பெனி பஸ், இரண்டும் நிற்கிற இடமாகப் பார்த்து சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம்.

நடனத் துறை என்றால் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நட்டுவாங்கம் என்று ஒரு பாடம் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் மரக்கட்டையைக் கழியால் தட்டி, வாயால் ஜதி சொல்லி, இன்னொருவரை ஆட வைக்க வேண்டும். ஆட்டத்தில் கெட்டிக்காரியான உங்கள் அம்மா, மாதிரித் தேர்வில் இந்த ஒன்றில் மட்டும் தேறவில்லை. "நீ ஆடறவ பின்னாடியே போறே. அவ தடுமாறினா நீயும் நின்னுடறே. தாளம் யாருக்காகவும் நிக்கக் கூடாதும்மா" என்று அவளுடைய ஆசிரியை சொல்லிவிட்டாராம். நிஜப் பரீட்சையிலும் இப்படியே ஆனால் பட்டம் கிடைக்காது. பட்டம் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நடன டீச்சர் வேலை கொடுக்க மாட்டார்கள். அவளுக்கு அந்த வேலைதான் கனவு. அன்று தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"கூடப் படிக்கிற பொண்ணுங்களை ஆடச் சொல்லிப் பழகேன்" என்றேன்.

"அவங்க கிளாஸ் முடிஞ்சி சாயங்காலம்தான் பழகறாங்க. நான் நின்னா பஸ்ஸு போயிடுங்க."

"அப்ப நான் ஆடறேன்."

"நீங்களா?"

"இன்னா, எனக்குக் காலு இல்லையா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அது போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். மறுநாளே என்னை எழுப்பி நிற்க வைப்பாள் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

லுங்கியோடு ஆட முடியவில்லை. அரை டவுசர் போட்டுக்கொண்டேன். முட்டியை இரண்டு பக்கமும் அகட்டிப் பாதி உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும், அதற்கு அரைமண்டி என்று பேர். பார்க்கச் சுலபமாக இருக்கும். ஒரு வாரம் கம்பெனியில் காலை அகட்டி அகட்டி நடந்தேன். லைனில் பக்கத்து மெஷின்காரர், "இன்னா நைனா, குதிரை கிதிரை வாங்கிக்கினியா?" என்று கேட்டார். மூலம் என்று சொல்லித் தப்பித்தேன்.

பக்கத்திலேயே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் தப்ப முடியவில்லை. மாவு இடிக்கிற சத்தமாக இருக்கிறதே என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது! நீ ஆடுவே, அவுரு பாப்பாருன்னு நென்ச்சேன். இங்க தலைகீழா கீது?"

"பரீட்சைக்குங்க ஆயா" என்றாள் அம்மா.

"யாருக்குப் பரீட்சை, தம்பிக்கா? பாவம், பெயிலாயிடுவாருடி!"

அவர் சொன்னதில் தப்பில்லை. 'ததிங்கிணதொம்' என்று மூன்று தடவை வரும் ஒரு இடம். முதல் இரண்டும் எப்படியோ தாண்டிவிடுவேன். மூன்றாவதற்கு இடது காலை எடுக்க வேண்டும், எனக்கு வலதுதான் வரும். "இடது காலுங்க!" என்று கத்திவிட்டு, அம்மா கழியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பாள்.

பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"நான் நின்னா நீயும் நின்னுடறியே. அதானே உங்க டீச்சர் வேணான்னாங்க?"

"நீங்க வேர்த்து விறுவிறுத்து நிக்கறப்ப எப்டிங்க உட்டுட்டுப் போறது? பாவமா கீது."

"பாவம் பாக்காத. நான் விழுந்தாலும் நீ போயிக்கினே இரு. நான் எழுந்து வந்து புடிச்சிக்கிறேன்."

அவளுக்கு அது லேசில் வரவில்லை. கை தானாக நின்றுவிடும். பிறகு ஒரு நாள் காலையில், நான் வழக்கம்போலக் கால் மாறி நின்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, நிற்காமல் தட்டிக்கொண்டு போனாள். "இடது காலுங்க" என்பதையும் ஜதிக்குள்ளேயே சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அறை நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். என்னை விட்டுவிட்டுப் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பரீட்சை அன்று எனக்கு முதல் ஷிப்ட். ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இறங்கும்போதே அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கிட்டே வந்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

பரீட்சையில் அவள் தாளத்துக்கு ஆடிய பெண் நன்றாகத்தான் ஆடியிருக்கிறாள். ஆனால் மூன்றாவது ததிங்கிணதொம் வந்ததும் அம்மா பழக்கதோஷத்தில், அந்தப் பெண்ணைப் பார்த்து, "இடது காலுங்க!" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மிரண்டுபோய் ஒரு அடி விட்டுவிட்டாள். அம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை. முடிந்ததும், "யாரும்மா அந்த இடது காலுங்க?" என்று பரீட்சை வைத்தவர் கேட்டாராம். "வீட்டுல என் தாளத்துக்கு ஆடறது என் வீட்டுக்காரர்தாங்க" என்று இவள் உண்மையைச் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வெளியே வந்த ஆசிரியை, "தாளம் எங்கேயும் நிக்கல, தேறிட்டே" என்றாராம்.

"என் காலைப் பத்தி மெட்ராஸ் வரைக்கும் சொல்லிட்டு வந்திட்டியா?"

"பாவம், அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்தேங்க."

மறுநாள் காலையில் அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான் அரை டவுசரோடு அறை நடுவில் நிற்பதை எழுந்து வந்து பார்த்துவிட்டாள்.

"பரீட்சை முடிஞ்சி போச்சிங்க."

"உனக்கு முடிஞ்சிது. எனக்கு அந்த மூணாவது இன்னும் வரல."

அடுப்பில் உலை வைக்க வேண்டும் என்றாள். பஸ் வந்துவிடும் என்றாள். பிறகு கழியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை நான் தப்பு செய்த இடத்திலெல்லாம் நிறுத்தி, நான் காலை மாற்றிக்கொள்கிற வரைக்கும் காத்திருந்து தட்டினாள்.