மரத்துக்குப் பின்னால் ஒருவன்

என் கணவருக்கு மண்டோர் வேலை கிடைத்த அன்று தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். மலாக்காவில், நியாலாஸ் பக்கத்தில் கித்தா என்கிற ரப்பர் மரத் தோட்டம் அது. அதுவரை அவரும் மற்றவர்களைப் போல மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்தான். இனிமேல் வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்க வேண்டியவர். "நம்ம ஆளு ஒருத்தரு மேல வந்துட்டாரு. இனிமே கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சொன்னாள். காக்கிக் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அவர் நடந்து காட்டினார். வாத்து நடை என்று பெண்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்கிற மனிதர்தான் அவர். நான் பிள்ளையுண்டாகியிருந்தபோது தனக்கு விட்ட மர வரிசையை, தன் நிரையை, அவசரமாக முடித்துவிட்டு வந்து என் மரங்களையும் வெட்டிக் கொடுப்பார். வரும்போதே தூரத்திலிருந்து ஏதாவது உளறிப் பாடிக்கொண்டு வருவார். அந்தக் குரல் கேட்டால் எனக்கு இடுப்பு வலி பாதி குறைந்துவிடும்.

மண்டோர் ஆன புதிதில் யாரையும் அவர் கடிந்து பேசவில்லை. கை நடுங்கும் கிழவர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தி பட்டைக்கும் கீழே போய் மரத்தில் காயம் விழும். என் கணவர் பார்த்தும் பார்க்காதவர்போல் போய்விடுவார். ஒரு நாள் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி அந்தக் காயங்களைக் கண்டுபிடித்தார். மறுநாள் விடியலில் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்காக நாங்கள் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, என் கணவரை முன்னால் வரச் சொன்னார்.

"நீ எல்லாரையும் பாக்கிறதா நெனச்சுக்கிட்டு இருக்கியா? உன்னையும் ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். இங்கதான் நிக்கிறான், இந்தப் பெரட்டுலதான். நீ என்ன செஞ்சாலும் எனக்கு வந்துரும்."

யார் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், உடனே குனிந்துகொண்டோம்.

அன்றைக்கே கிழவரைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து என் கணவரும் மாறினார். யாரையும் அடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஆனால் சின்னத் தப்பைக்கூட விடுவதில்லை. ஒரு வாளி கவிழ்ந்தால், ஒருத்தி கொஞ்சம் உட்கார்ந்தால், அது கிராணியிடம் போய்விடும். நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்துதான் கிடக்கும். அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். அவர் வாயருகே கையை வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசுவார். பக்கத்து வீட்டு அக்கா உப்பு வாங்கிக்கொண்டு போனால், "வந்தவ எதப் பாத்தா?" என்று கேட்பார். மகனைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாட்டுக் காட்டுவதையும் விட்டுவிட்டார். பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்தால், "மண்டோரு வூட்டுல என்ன கும்மாளம்னு கேப்பாங்க" என்று இறக்கி விட்டுவிடுவார். அவன் அப்போது தவழத் தொடங்கியிருந்தான். அப்பாவின் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்ப்பான்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் நாங்கள் பயந்தோம். ஆனால் துரை குதிரையில் வந்தால் சத்தம் கேட்கும், போய்விட்டால் நிம்மதி வரும். கிராணி சொன்ன அந்த ஆளோ வருவதும் இல்லை, போவதும் இல்லை. எந்த மரத்துக்குப் பின்னால் வேண்டுமானாலும் நிற்கலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்று காலை நான் லீவு கேட்டேன். ஆயா பார்த்துக்கொள்வாள் என்று கிராணி வேலைக்கு அனுப்பிவிட்டார். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையில் அவனைக் கிடத்திவிட்டு நிரைக்குப் போனேன். கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்கப் போகலாம், ஆனால் மணி அடித்த பிறகுதான். மார்பில் பால் கட்டி வலித்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. மணி அடிக்கவில்லை.

புல் வெட்டுகிற பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "புள்ள கண்ணு தொறக்க மாட்டேங்குது, ஆயா வரச் சொல்லுச்சு."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். நிரை முடிகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போற?"

"புள்ளைக்கு முடியலங்க. நீங்களும் வாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"மணி அடிக்கலையே, புள்ள. பாத்துக்கிட்டு இருப்பான்."

"யாருங்க பாக்கிறான்? பெத்த புள்ளைங்க அது!"

அவரைத் தள்ளிவிட்டுப் போனேன். பின்னாலேயே வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

மகன் என் மடியில்தான் போனான். வாயில் பாலைப் பிழிந்துவிட்டேன், அது கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. ஆயா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வெகு நேரம் கழித்து மூச்சிரைக்க வந்தார். உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார். "கிராணிகிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன், நீ நெரைய விட்டுப் போயிட்டேன்னு. அவன் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிட்டேன். அரைப் பேரோட, அரை நாள் கூலி வெட்டோட விட்டுட்டாங்க. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நீ பயப்படாத, புள்ள."

என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் என் மடியைப் பார்த்தார்.

தோட்டத்து ஓரத்தில் புதைத்தோம். மறுநாள் விடியலில் பெரட்டில் என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் குரல் கொடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வரிசையை விட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கித்தா விலை விழுந்தது. எத்தனையோ பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். என் கணவரையும் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு ஒழுங்காக இருந்தவரை நிறுத்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மலாக்கா டவுனுக்கு வந்தோம். அவர் ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டை தூக்கினார். நான் சில வீடுகளில் துணி துவைத்தேன். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

ஒரு நாள் பசாரில் அந்தக் கிராணியைப் பார்த்தேன். அவருக்கும் வேலை போயிருந்தது. கோட்டு சாயம் போய், மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கிட்டே போய்க் கேட்டேன்.

"ஐயா, எங்க வூட்டுக்காரரு மண்டோரா இருந்தப்ப அவர ஒருத்தன் பாக்கிறான்னு சொன்னீங்களே. அது யாருங்கய்யா?"

அவருக்கு என்னை ஞாபகம் வரவே நேரமாயிற்று. பிறகு லேசாகச் சிரித்தார்.

"அப்படியெல்லாம் யாரும் இல்லம்மா. சும்மா சொல்றதுதான். எல்லா மண்டோருகிட்டயும் சொல்வேன். ஒரு தடவ சொல்லிட்டா போதும், அப்புறம் நாம பாக்கவே வேண்டியதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்கிட்டயும் பழைய கிராணி அப்படித்தான் சொன்னாரு" என்றார். மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் பிள்ளையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நினைவில் இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அப்படியே சொன்னேன். மூட்டை சுமந்த களைப்பில் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கத்துவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். அழுதால் நானும் சேர்ந்து அழலாம் என்றுகூட நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயருகே கையைக் கொண்டு போனார்.

"கிராணி இதச் சொல்றப்ப பக்கத்துல யாரு நின்னா?"

"யாரும் இல்லங்க. மீன்காரன் மட்டுந்தான்."

"எந்த மீன்காரன்?"

நான் அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்தேன். மகனுக்காக எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். இந்த மனிதருக்காக அன்றைக்குத்தான் முதன்முறையாக அழுதேன். அவர் காதில் விழக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.