வலிகாட்டிய பேராசிரியர்

ஐயாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனா இருக்கும். அந்த மையில் ஒரு கையெழுத்து வாங்க நான் நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. இப்போது அவருக்கு மணிவிழா மலர் போடுகிறார்களாம். பழைய மாணவி என்று என்னிடமும் நாலு வரி கேட்டார்கள், நல்லதாக எழுதச் சொன்னார்கள். நான் உள்ளதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் தமிழ்த்துறைப் பேராசிரியர், என் முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளர். வயலில் முளைக்கும் களைகளுக்குக் கூலிப் பெண்கள் சொல்லும் பெயர்களைத் திரட்டுவதுதான் என் ஆய்வு. பெயர் சொன்னவர்களில் முதல் ஆள் என் அம்மா. திருவாதவூரில் அடுத்தவர் வயலில் குனிந்தே காலத்தைக் கழித்தவள். "அம்புட்டையும் பிடுங்கி வரப்புல எறிஞ்சோம். நீ எதுக்குடி அதப் பொறுக்கியாந்து பேரு கேக்குற?" என்று சிரிப்பாள். ஆனால் ஒரு பெயரை நான் தப்பாக எழுதிவிட்டால் விடமாட்டாள். திரும்ப வாசிக்கச் சொல்லி, சரியாக வரும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

ஐயா அப்படி நின்றவர் இல்லை. எழுதிய இயலைக் கொண்டுபோய் நீட்டினால், "வச்சுட்டுப் போம்மா, பாக்குறேன்" என்பார். வைத்த இடத்திலேயே தூசி படிந்து கிடக்கும். அதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போய் அவர் வீட்டு விசேஷத்துக்குப் பூ வாங்கி வா, மகளின் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடு என்று வேலைகள் வரும். அறை வாசலில் தேவுடு காத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒருநாள், "உங்க ஆளுகளுக்குப் பொறுமை ஜாஸ்திம்மா" என்றார். பாராட்டாம்! அந்தப் பேச்சுக்கு இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆறாவது ஆண்டில், மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து என்று கடிதம் வந்தது. சிம்மக்கல் தட்டச்சுக் கடைக்கு ஓடினேன். நன்றியுரையை மட்டும் எழுத நேரமில்லாமல் கடைக்கார அண்ணனிடம் வாயால் சொன்னேன். எங்கள் ஊர் நாக்கில் ழகரம் நிற்காது. 'எனக்கு வழிகாட்டிய பேராசிரியர்' என்று நான் சொன்னது அவர் காதில் 'வலிகாட்டிய' என்றே விழுந்திருக்கிறது. அப்படியே அடித்துவிட்டார். சான்றிதழ்ப் பக்கத்தில் ஐயா கையெழுத்திடும்போதுதான், எதிர்ப்பக்கத்தில் இருந்த அந்த வரி என் கண்ணில் பட்டது. சொன்னால் மறுபடி அச்சு, மறுபடி காத்திருப்பு, அதற்குள் பதிவு போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு. "ஐயா, இதப் பாத்தீங்களா?" என்று என் நெறியாளரைக் கேட்டார். ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. "எழுத்துக்கூட்டத் தெரியாததுகளச் சேத்தா இப்படித்தான்" என்று என்னைக் கைகாட்டினார். தேர்வாளர் என் பக்கம் திரும்பி, "பிழையாம்மா?" என்றார். அவர் சரி என்றால்தான் எனக்குப் பட்டம். "பிழைதாங்கய்யா" என்றேன். சொல்லும்போதே நாக்குக் கூசியது.

பிழையைத் திருத்தி, நெறியாளரிடம் காட்டி, கையெழுத்து வாங்கித் தரச் சொன்னார்கள். நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே பக்கத்தை அப்படியே வைத்துக் கட்டி எடுத்துப் போனேன்.

"திருத்தியாச்சா?" என்றார் ஐயா.

"ஆச்சுங்கய்யா."

புரட்டிப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். மேடையில் ஏறினால் மொழி அழிகிறது என்று மூக்கைச் சிந்துகிற மனிதர்!

பட்டம் உறுதியானதும் ஊருக்குப் போனேன். அம்மா கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுக்கு வேறு கவலை. "வாத்தியாரு என்னடி சொன்னாரு? நான் சொன்ன பேரெல்லாம் சரியா இருக்காமா?" என்று கேட்டாள்.

"சரின்னுதான் சொன்னாரு."

"படிச்சுப் பாத்துட்டுத்தான சொன்னாரு?"

"ஆமாம்மா, ஒண்ணு விடாம" என்றேன்.

களையெடுக்க வரும் பெண்களிடம் அவள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எம்புட்டுப் பெரிய வாத்தியாரு! நம்ம பேச்ச ஒக்காந்து படிச்சிருக்காருடி."