இடப்பக்கம் சத்தம் காணாது

மூன்று கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் வாங்கிவந்த புத்தம் புதிய ஸ்பீக்கர்களில் ஒன்று பழுது என்று என் மனைவி அறிவித்தார். பெட்டி உடைத்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை!

"இஞ்சாருங்கோ… இடப்பக்கம் சத்தம் காணாது."

யாருக்குச் சொல்கிறார்? இருபத்தெட்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவனுக்கு. 'ஒலி' என்ற பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியவனுக்கு. இந்த இரண்டு பெட்டிகளைத் தெரிந்தெடுக்க ஒரு மாதம் செலவழித்தவனுக்கு!

கடல் கடந்து இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் 'காணாது' என்றால் போதாது என்று பொருள். கறிக்கு உப்புக் காணாது, சட்டைக்குத் துணி காணாது, ஸ்பீக்கருக்குச் சத்தம் காணாது… எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதும்.

ஸ்பீக்கர் ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி பாட்டு ரீச்சர். சனி, ஞாயிறு காலைகளில் மீசாலையில் உள்ள எங்கள் வீட்டு ஹோலில் பாய் விரித்து ஒன்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இந்த வருடம் திடீரென்று ஒருநாள், நவராத்திரி வாணி விழாவோடு வகுப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

"பிள்ளையளின்ரை குரலிலை உயிரில்லை. எனக்கும் முந்தின பொறுமையில்லை. படிப்பிச்சது காணும், நிப்பாட்டுவம்."

வகுப்பு இல்லாத என் மனைவியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதோடு, பாட்டுக் கேட்பதையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். போனில் ஒரு ஆலாபனையைப் போட்டுக் கொடுத்தால், "உது பாட்டோ? காதுக்குள்ளை நுளம்பு இரையிற மாதிரிக் கிடக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார்.

போனின் பின்பக்கத்தில் இருக்கிற ஒரு பொட்டு ஸ்பீக்கரில் என்ன கேட்கும்? நல்ல சத்தத்தில் நாலு நாள் நல்ல பாட்டுக் கேட்டால் மனம் மாறிவிடும், வகுப்பும் தொடரும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நான் முடிவு கட்டினால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை – வழமையான வாசகர்களுக்கு இது தெரியும்.

சாவகச்சேரியில் சிவநேசனின் கடைக்குப் போனேன். நாற்பது வயது மனிதர், பொறுமைசாலி. முதலில் என் நெஞ்சளவு உயரத்தில், சில்லுப் பூட்டி, கலர் கலராக லைட் எரிகிற ஒரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இதை மீசாலையிலை போட்டா கொடிகாமத்திலை கேக்கும்!"

"கொடிகாமத்து ஆக்கள் பாட்டுக் கேக்கிறதுக்கு நான் ஏன் ஐசே பெட்டி வாங்கவேணும்?"

பிழை அவரில் இல்லை. கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். சத்தம் பெரிது என்றால் சாமான் திறம் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். ஆனால் என் ஹோல் பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி! இடி இடிக்கிற பேஸ் பெட்டியை அதற்குள் வைத்தால் பேஸ் எல்லாம் மூலையில் போய்க் குவிந்து பாட்டை மூடிவிடும். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற கோப்பைகள்தான் தாளம் போடும்.

ஆகவே, சின்ன வீட்டுக்காரர்களே, கேளுங்கள். கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடுகிற பாட்டில் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். மேளத்தை விட்டுவிட்டு மனிதக் குரலைக் கவனியுங்கள் – மூச்சு எடுப்பது கேட்கிறதா? கேட்டால் வாங்கலாம்.

நான் வாங்கியது தகரப் பிஸ்கட் ரின் உயரத்தில் ஒரு சோடி. அம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது, புளூடூத்தும் உண்டு. ஓய்வூதியக்காரனுக்குக் கட்டுப்படியாகிற சாமான்.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது? போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டில் இருந்து மகன் அனுப்பிய அருமையான ஸ்பீக்கர் கண்ணாடி சோகேஸுக்குள், பொம்மைகளுக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கும் நடுவில் இருக்கிறது. கதவு பூட்டு. பெட்டிக்குமேல் வந்த பொலித்தீன்கூடக் கழற்றவில்லை! "தூசி பிடிச்சிடும்" என்றார்கள். பாட்டு, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது.

நான் அப்படிச் செய்வேனா? காதின் உயரத்துக்கு இரண்டு ஸ்டூல். சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, மனைவியின் கதிரைக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் அச்சொட்டாக ஒரு சமபக்க முக்கோணம். அளவு நாடா பிடித்து வைத்தேன். பிறகு ஒரு கல்யாணி ராக ஆலாபனை. ஒலிப்பதிவில் வயலின் இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம். அதன் பிறகுதான் அந்தத் தீர்ப்பு வந்தது.

விஞ்ஞான முறைப்படி பெட்டிகளை இடம் மாற்றினேன். பழுது பெட்டியில் என்றால் பழுதும் கூடவே மாறவேண்டுமல்லவா? மாறவில்லை. வயரைக் கழற்றிப் பூட்டினேன். அப்போதும் "இடப்பக்கம் காணாது."

அடுத்த நாள் இரண்டையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். சிவநேசன் போட்டுக் கேட்டார்.

"அண்ணை, வடிவாக் கேளுங்கோ. இரண்டும் ஒரே மாதிரித்தானே பாடுது."

"உம்மடை கடையிலை பாடுது. என்ரை வீட்டிலை பாடுதில்லை. அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் வேறொரு சோடியை மாற்றித் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். இடப்பக்கம் காணாது! ஜன்னலைச் சாத்தினேன். சுவரில் பெட்ஷீட் தொங்கவிட்டேன். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உமக்குப் புதுச் சாமான் எண்டா ஒரு குறை பிடிக்கவேணும்!"

அவர் முகம் சின்னதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பாட்டுப் போய்க்கொண்டிருந்தபோது தெருப் படலையில் ஒரு குரல். வகுப்பில் படிக்கிற ஆரணியின் தாய். பிள்ளை இரண்டு கிழமையாக வகுப்புக்கு வரவில்லை. தாய் வாசலில் வந்து நிற்க, மனைவி கதிரையை அப்படியே பின்பக்கம் வாசலை நோக்கித் திருப்பிப் போட்டு, அதில் இருந்தார்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். வாயைத் திறந்து பாடு எண்டு எல்லாற்றை முன்னாலையும் ஏசினியளாம். தான் பாடினதுதானாம் எண்டு அழுறாள்."

"இல்லைத் தங்கச்சி, அவள் பாடேல்லை. நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்…"

பாதியில் நிறுத்திவிட்டார். தலை கொஞ்சம் சரிந்தது.

"இஞ்சாருங்கோ, வயலின் இப்ப நல்லாக் கேக்குது. மிருதங்கம்தான் காணாது. மற்றப் பெட்டியும் பழுதாப் போச்சோ?"

நான் எதையும் தொடவில்லை. பெட்டிகள் வைத்த இடத்தில் இருந்தன. மாறியது எது? கதிரை மட்டும்.

"ஒருக்கா இஞ்சாலை திரும்பும்" என்றேன். திரும்பினார். "இப்ப எது நல்லாக் கேக்குது?"

"மிருதங்கம்."

"மற்றப் பக்கம்?"

"வயலின்…"

மூன்றாம் முறை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவரே வலது காதை விரலால் பொத்தினார். பிறகு விரலை எடுத்தார். வகுப்பில் ஆரணி இருப்பது வரிசையின் கடைசியில், ரீச்சரின் இடப்பக்கம்.

"பிள்ளை பாடினதுதான் தங்கச்சி. எனக்குத்தான் கேக்கேல்லை. நான் சொன்னதெண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ."

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார் – ரீவி காணாது, போன் காணாது, படலை மணி காணாது. ஒவ்வொரு முறையும் நான் கடைக்கு ஓடி, முந்தியதைவிடச் சத்தமான ஒன்றை வாங்கிவந்து பெருமைப்பட்டேன். அந்தச் சொல்லின் குணம் அப்படி. பழியைப் பொருளின் மேலேயே போடும். கேட்கிற காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. உங்கள் வீட்டில் யாராவது மூன்று சாமான்களை அடுத்தடுத்துக் காணாது என்றால், கடைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாங்கள் போனோம். இடது காது வருடக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, வலது காது நல்ல நிலையில் இருக்கிறது என்றார் டொக்டர். காதில் பூட்டுகிற மெஷினுக்கு எழுதித் தந்தார். வழி நெடுக மனைவிக்கு அதே கவலை.

"காதிலை மெஷினோடை ஒரு பாட்டு ரீச்சரோ? சனம் என்ன கதைக்கும்?"

"கண்ணாடி போட்ட ரீச்சரிட்டை ஆரும் எழுத்துப் படிக்கேல்லையோ?" என்றேன். அடுத்த நாள் காலையிலேயே டொக்டர் எழுதித் தந்த சிட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாயின் இடம் மாறியிருந்தது. மனைவி இடப்பக்கச் சுவரோடு ஒட்டி இருந்தார். ஒன்பது பிள்ளைகளும் வலப்பக்கம். ஆரணி முன்வரிசையில்.

"நல்ல குரலடி உனக்கு" என்று அவர் சொல்வது குசினி அடுப்படி வரைக்கும் கேட்டது. வகுப்பு முடிகிற நேரம் இன்னொன்றும் கேட்டது: வாணி விழா முடிய எல்லாரும் ஒரு புதுக் கொப்பி வாங்கிவரவேண்டும், வர்ணம் தொடங்கப் போகிறாராம்!

அன்று பின்னேரம் இருவரும் பாட்டுக் கேட்க இருந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது – இத்தனை வருடமும் என் கதிரை மனைவியின் இடப்பக்கம். அப்படியென்றால் நான் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காதே! எழும்பி, என் கதிரையைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் நடந்தேன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"உதை ஏன் தூக்கிறியள்? நீங்கள் அங்கையே இருங்கோ!"