பொட்டு வைத்த சிடி

மெஹர் பானு சத்தமாகத்தான் பேசுவாள். மேற்குத் தாம்பரத்தில் காது கேட்கும் மிஷின் விற்கிற கடையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் யாருக்கும் தொண்டை அப்படித்தான் ஆகும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். முகத்தை நேராகக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. குழம்பில் உப்பு போதுமா என்று இவள் கேட்டால் தெருமுனையில் இருக்கிறவன் பதில் சொல்கிறான் என்பான் கணவன் ஜாகிர்.

வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். போகப் போக, ஓனர் சத்தியநாதன் டெஸ்ட் எடுத்து எழுதிவைக்கிற அளவுகளைப் பார்த்து, மிஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று அதற்குள் ஏற்றுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. எந்தப் பட்டனுக்கு அடுத்து எந்தப் பட்டன் என்று தெரியும், அவ்வளவுதான். அதில் அவள் கெட்டிக்காரி.

ஒன்றே ஒன்று அவளுக்கு வராது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளின் அப்பா அம்மாவிடம், மிஷின் போட்ட அன்றே பிள்ளை புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்ல வாய் வராது. அவ்வளவு ஆசையோடு வருகிறவர்கள் வயிற்றில் யார் நெருப்பைக் கட்டுவது? அதை ஓனர் சொல்லட்டும் என்று விட்டுவிடுவாள். ஓனர் அவள் சொல்லியிருப்பாள் என்று இருந்துவிடுவார்.

இரண்டாயிரத்து ஏழில், ரம்ஜான் முடிந்த மறுவாரமே சரஸ்வதி பூஜை வந்தது. கடையில் அன்று அஞ்சம்மாள் ராஜ்ஜியம். மற்ற நாளில் கூட்டிப் பெருக்குகிறவள்தான். பூஜையன்று ஓனரே அவள் காட்டுகிற இடத்தில் நின்றுதான் கற்பூரம் ஏற்றுவார். இருக்கிற ஒயரையெல்லாம் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத் திரும்பச் சொருகினால்தான் அவளுக்கு மனசு ஆறும். பானுவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பொரியும் சுண்டலும் பை நிறைய அவள் வீட்டுக்கும் போகும்.

மறுநாள் விஜயதசமி, ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு லீவு. ஓனர் கும்பகோணம் போய்விட்டார். ஆனாலும் காலையிலேயே பானு வந்து ஷட்டரைத் தூக்கினாள். தாரணிக்காக வந்தாள்.

தாரணிக்கு மூன்றரை வயது. சேலையூர்ப் பக்கம் பெயின்டர் வேலை பார்க்கிற முகிலனுக்கும் கோகிலவாணிக்கும் ஒரே பெண். பிள்ளை சேட்டைக்காரி, கூப்பிட்டால் வேண்டுமென்றே திரும்ப மாட்டேன் என்கிறாள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தியநாதன் டெஸ்ட் எடுத்தபோதுதான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்க்கக் கேட்டபோது தலைமை ஆசிரியை ஞானசௌந்தரி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். விஜயதசமிக்கு மிஷினோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். கூப்பிட்டால் திரும்பினால் சேர்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் என் டீச்சர்களால் முடியாது, இதற்கென்று இருக்கிற பள்ளியைப் பாருங்கள். அந்தப் பள்ளியோ நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. குழந்தையின் காதுக்கு அளவெடுத்துச் செய்யக் கொடுத்த, மிஷினைக் காதில் நிறுத்துகிற அச்சு பூஜைக்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்தது. ஆக, எல்லாம் இந்த ஒரு காலையில் முடிந்தாக வேண்டும்.

பானு லேப்டாப்பைத் திறந்தாள். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்ட பிறகு வாங்கியது அது. மிஷினுக்குள் அளவுகளை ஏற்றுகிற பெட்டி பழங்காலத்து ஒன்பது ஊசிப் பிளக்கோடு வந்தது. புது லேப்டாப்பில் அதற்கு இடமே கிடையாது. நடுவில் ஒரு மாற்று ஒயர் போட்டு அதை யூஎஸ்பி ஓட்டையில் சொருகிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான் சர்வீஸ் செய்கிற ஆசிப். அன்றிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. இன்றைக்கு என்னவோ, புதிதாக எதையோ செருகியிருக்கிறீர்கள், அதற்கு டிரைவர் கொடுங்கள் என்று திரையில் கேட்டது. அந்த ஒயரோடு எப்படிப் பேசுவது என்று லேப்டாப்புக்குச் சொல்லித்தருகிற சின்ன புரோகிராம்தான் அது. நேற்றுவரை தெரிந்த ஒயரை இன்றைக்குத் தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

ஒயரோடு வந்த உள்ளங்கை அகல சிடியைத் தேடினால் டிராயரில் இல்லை. கற்பூரத் தட்டோடு வந்து நின்ற அஞ்சம்மாள், அது சாமிகிட்ட இருக்கிறது, மறுபூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது என்றாள். சட்டென்று கற்பூரம் காட்டி, புத்தகங்களுக்கு நடுவிலிருந்து எடுத்தும் கொடுத்தாள். சிடியின் பளபளக்கிற பக்கத்தில், நட்டநடுவே சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன.

"அக்கா, இந்தப் பக்கத்துலதான் எல்லாமே இருக்கு. இங்கயா பொட்டு வெப்பாங்க?"

"நான் இன்னாத்த கண்டேன்? கண்ணாடியாட்டம் கீதே, அதான் முகம்னு வெச்சேன்."

பானுவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சிடியைக் குழாயில் கழுவி, துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்துப் போட்டாள். முக்கி முனகி ஓடி, டிரைவர் ஒருவழியாக ஏறியது. ஆனால் மிஷினுக்கு அளவு ஏற்றுகிற சாஃப்ட்வேரைத் திறந்தால், பெட்டியே இணைக்கப்படவில்லை என்று கையை விரித்தது. திரும்பத் திறந்தாள். திரும்பவும் அதே பதில். வாசல் பெஞ்சில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த முகிலன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆசிப்புக்குப் போன் போட்டாள். அவன் பள்ளிக்கரணையில், தூக்கக் கலக்கத்தில் எடுத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்.

"அக்கா, ஒயரு எந்தப் பக்கத்து ஓட்டையில கீது?"

வலது பக்கம் என்றாள். நான் இடது பக்கம் அல்லவா போட்டுக் கொடுத்தேன் என்றான் அவன். ஓட்டைக்கு ஓட்டை லேப்டாப் ஒரு நம்பர் கொடுக்குமாம். இடது பக்கத்துக்கு மூன்று, வலது பக்கத்துக்கு இப்போது ஐந்து. கடையின் பழைய சாஃப்ட்வேரோ நாலுக்கு மேல் எட்டிப் பார்க்காதாம். பழையபடி இடது பக்கம் சொருகினால் தீர்ந்தது. சிடியே தேவைப்பட்டிருக்காது.

பானு அஞ்சம்மாளைப் பார்த்தாள். இடது பக்கம் பொட்டு ஈரமாக இருந்ததால் மாற்றிச் சொருகினேன் என்றாள் அஞ்சம்மாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. ஓட்டைக்குள்ளேயே சந்தனம் இறுகிக் கிடந்தது. லேப்டாப்பை அணைத்து, பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, மிஷினில் சேர்கிற காதழுக்கை எடுக்க வைத்திருக்கும் சின்ன பிரஷ்ஷால் பானு பொறுமையாகச் சுரண்டினாள். பொடிப்பொடியாக வந்தது. ஊதிவிட்டு, ஒயரை மாற்றிச் சொருகித் திறந்தபோது, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

அளவுகளை ஏற்றிக் குழந்தையின் காதில் மிஷினைப் பொருத்தினாள். தாரணி அசையாமல் நின்றாள். பிறகு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகிலன் மகளுக்குப் பின்னால் போய் நின்று, "தாரணி" என்றான். திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டான். குழந்தை விசிறியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா மேடம், வேல செய்யலியா?"

இத்தனை வருஷம் ஓனர் தலையில் கட்டிய வேலையை இனித் தள்ளிப்போட முடியாது. "வேல செய்யுது அண்ணா. அவளுக்குக் கேக்குது. ஆனா தாரணின்னா தான்தான்னு அவளுக்குத் தெரியாது. யாரும் அவகிட்ட சொன்னதில்லையே." முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், என் தப்புதான் என்றும் சொன்னாள். இவ்வளவு மெதுவாக அவள் பேசி அஞ்சம்மாள் கேட்டதில்லை.

முகிலன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டுத்தான் பார்ப்போம் என்று இறங்கினான். அவர்களைத் தனியாக அனுப்பப் பானுவுக்கு மனசு ஒப்பவில்லை. அஞ்சம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். கேம்ப் ரோடு நெரிசலில் லாரிகள் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் தாரணி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் வடிந்துகொண்டிருந்தது. ஞானசௌந்தரி குழந்தையின் பின்னால் நின்று இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். தாரணி திரும்பவில்லை. முகிலன் தலை குனிந்தான்.

"டீச்சர், இவளுக்குக் காது கேக்க ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்தான் ஆவுது" என்றாள் பானு. "பொறந்து ஒரு மணி நேரம் ஆன குழந்தைய நீங்க பேரு சொல்லிக் கூப்ட்டுப் பாப்பீங்களா?"

வந்தது வந்துவிட்டீர்கள், எழுதிவிட்டாவது போங்கள் என்று ஞானசௌந்தரி தாரணியை மடியில் உட்காரவைத்து, எவர்சில்வர் தட்டில் பரப்பியிருந்த அரிசியில் அவள் விரலைப் பிடித்து 'அ' போட ஆரம்பித்தார். பாதியிலேயே தாரணி விரலை உருவிக்கொண்டாள். தானாக அரிசியில் ஒரு கோடு இழுத்தாள். நிறுத்தினாள். தட்டின் மேல் தலையைச் சாய்த்து மறுபடி இழுத்தாள். தன் கையால் உண்டாகிற சத்தத்தை அந்தப் பிள்ளை முதல்முதலாகக் கேட்கிறாள் என்று புரிந்தபோது பானுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஞானசௌந்தரி குழந்தையைக் கீழே இறக்கினார். பக்கத்திலிருந்த இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார். ஒன்றும் பேசாமல் அரிசியில் விரலை இழுத்தார். தாரணி திரும்பினாள்.

முகிலன் கையெடுத்துக் கும்பிட்டான். தலைமை ஆசிரியை தட்டைக் கீழே வைத்தார்.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. மொதல்ல அவ பேர அவளுக்குச் சொல்லித் தர்றோம்."