எனக்காகக் கோர்ட் ஏறிய மெஹருன்னிசா அக்கா

சகோதரிகளே, என் கணவர் என்னை அடித்தார். இந்த ஒரு வரியைச் சபையில் எழுந்து சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எண்பத்தோராம் வருஷம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். அவர் என் இடது மணிக்கட்டை உடைத்தபோது அம்மா வீட்டுக்குப் போனேன். தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். போதகரும் பொறுமையாக இருக்கச் சொன்னார். தனியாக ஓர் அறை வாடகைக்குப் பிடித்தேன். அங்கேயும் வந்து கதவை உடைத்தார்; திரும்பத் திரும்ப வந்து அடித்தார். கம்பெனி கேட்டில் நின்று கத்தினார். என்னோடு சாப்பிட்டவர்கள் மெல்ல வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள்.

முன்சீப் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கலாம், ஆனால் ஒரு சாட்சியாவது வேண்டும் என்றார் வக்கீல். சந்து முழுக்கக் கேட்டேன். ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லையாம்.

அந்த ஞாயிறு முகம் வீங்கியிருந்ததால் கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் அடுப்படியில் முழங்காலிட்டு வாய்விட்டு அழுதேன்.

"அப்பா, எனக்கு யாருமே இல்ல. ஒரே ஒருத்தர அனுப்புங்க."

எழுந்து பார்த்தால் அதே அடுப்படி, அதே அமைதி. கர்த்தரும் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். பயந்து மூலையில் ஒடுங்கினேன். வந்தது பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்கா. நடுவில் ஒரே சுவர்தான். ஆனால் அவர் வெளியே வராத கோஷா பெண். நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நேத்து நீ கேட்டது எனக்கும் கேட்டுச்சும்மா. கோர்ட்டுக்கு நான் வர்றேன். வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என்ன பார்த்தீர்கள் என்று என் கணவரின் வக்கீல் மடக்கினார். அக்கா அவர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"பாக்கல சார். இவ வுழற சத்தம் ஒவ்வொரு வாட்டியும் கேட்டுச்சு. கேட்டுட்டு சும்மா இருந்தேன். அதான் இன்னிக்கு வந்தேன்."

உத்தரவு கிடைத்தது. அதற்குப் பிறகும் ஒருநாள் என் கணவர் தெருமுனையில் வந்து நின்றார். உத்தரவு நகலோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அப்புறம் வரவில்லை.

இன்றும் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டு மட்டும் கழுவுவது கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகத் தூங்குகிறேன். கேட்டதைக் கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நான் எதிர்பாராத வீட்டிலிருந்து அல்லவா ஆளை எடுத்தார்!

பின்வரிசையில் முந்தானையால் கழுத்தை மறைத்து உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, உன் பேர்கூட எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் கேள், வாய்விட்டுக் கேள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பேன். எதையும் துருவ மாட்டேன். நீ எங்கே போகவேண்டுமோ, கூட நடந்து வருவேன்.