மூன்றாம் மண்டபத்துக்கு வந்தவர்கள்

வஹீபா பெரியம்மாவின் வேலை பல்கலைக்கழகக் காகிதத்தில் 'மண்டபப் பொறுப்பாளர்' என்று இருக்கும். கான்ஸ்டன்டைன் நகரத்தில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் யாரைக் கேட்டாலும் 'ஆள் பிடிக்கிறவள்' என்பார்கள். இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு, இன்னொன்றுக்கு வசவு உண்டு.

அவள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் பயிலரங்கு, சொற்பொழிவு, ஆய்வு நாள் என்று வாரம் தவறாமல் ஏதாவது நடக்கும். வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டுவார்கள். பேச ஆள் வந்துவிடுவார். கேட்கத்தான் ஆள் இருக்காது. மாணவர்கள் பங்கேற்புச் சான்றிதழ் உண்டா என்று கேட்பார்கள், இல்லையென்றால் டிராம் ஏறிவிடுவார்கள். காலி நாற்காலியைப் பார்த்தால் டீனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஏறியதும் அவர் கூப்பிடுவது வஹீபா பெரியம்மாவைத்தான்.

அவளுடைய ஆயுதம் காபி மேசை. எந்த மண்டபம் நிரம்ப வேண்டுமோ அதன் வாசலில் மேசையைப் போடுவாள். காபி, ஆரஞ்சுச் சாறு, கேக், பெரிய இடத்து ஆட்கள் வருகிற நாளில் வாதுமைக்கொட்டை வைத்த ஜவுஸியா மிட்டாய். வாசனை பிடித்துக்கொண்டு பாதி மண்டபம் தானாக வந்துவிடும். மீதிக்குத் தோட்டக்காரர், நூலகத்துப் பெண்கள், கடைசியில் எங்களைப் போன்ற படிக்கட்டுப் பட்டாளம். பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை விழுந்த நான் 'மொழியியலின் புதிய எல்லைகள்' முழுவதையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எல்லை எங்கே என்று இன்னும் தெரியாது. கேக் நன்றாக இருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள். முதல் மண்டபத்தில் டீனுடைய 'டிஜிட்டல் எதிர்காலம்' பயிலரங்கு; அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மூன்றாம் மண்டபத்தில் தெற்கே பாலைவனத்து அத்ராரிலிருந்து வந்த ஆசிரியர், உஸ்தாத் பர்காவின் சொற்பொழிவு. பாலைவனத்து ஊர்களில் நிலத்துக்கு அடியில் ஓடும் நீர்க்கால்வாய்களைப் பற்றி, அதிலும் அவற்றைத் தோண்டிய மனிதர்களின் பெயர்களைப் பற்றி. மனிதர் ஒரு பகலும் ஒரு இரவும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தார்.

"லல்லா வஹீபா, ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் என் மானம் போயிடும்" என்றார் டீன்.

"அதே நேரத்துல தெற்கத்தி உஸ்தாத் ஒருத்தர் பேசறாரே?"

"அவருக்கு யாரு வரப்போறா? மணலைப் பத்திக் கேக்கவா?"

பெரியம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் இப்போது தினம் ஒரு தடவையாவது திட்டுகிறாள்.

ஏனென்றால் மணலைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்தார்கள். நிறையப் பேர் இல்லை, ஆனால் வந்தார்கள். இரண்டு மாணவிகள், ராணுவத்தில் தெற்கே வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர், வெள்ளைத் தலைப்பாகையும் கைத்தடியுமாக ஒரு கறுத்த கிழவர். கிழவர் மேசையருகே நின்று கேட்டார்:

"மகளே, மூணாம் மண்டபம் எந்தப் பக்கம்? என் பாட்டன் தோண்டின கால்வாயப் பத்திப் பேசறாங்களாம். பேரு வருதான்னு பாக்க வந்தேன்."

முதல் மண்டபத்தில் அப்போது இரண்டு வரிசை காலி. அமைச்சகத்துக் கார்கள் வாசலுக்கு வந்துவிட்டன.

"ரெண்டையும் ஒண்ணாச் சேத்துட்டாங்க, ஹாஜ். இங்கயே உக்காருங்க. முதல்ல காபி குடிங்க" என்றாள் பெரியம்மா. தட்டில் ஜவுஸியாவும் வைத்தாள். மற்ற மூவருக்கும் அதே பதில். பெரிய இடத்து ஆட்கள் உட்கார்ந்ததும் வழக்கப்படி கதவைச் சாத்தினார்கள். அவர்கள் எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

கிழவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. அடிக்கடி என் முழங்கையைத் தொட்டார்.

"இப்ப வருமா?"

"வந்துக்கிட்டே இருக்கு, ஹாஜ். பூமிக்கு அடியில வர்ற தண்ணி, மெதுவாத்தானே வரும்?"

பின்வரிசையில் நம்ம பசங்க சிரித்தார்கள். அப்போது அது நல்ல ஜோக்காகத்தான் பட்டது. கிழவரும் தலையாட்டி நம்பினார். கதவு திறந்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்து போனார்.

இனிமேல் வருவது பெரியம்மா சொல்லித் தெரிந்தது. பயிலரங்கு நடக்கும்போதே மிச்சக் காபியை எடுத்துக்கொண்டு அவள் மூன்றாம் மண்டபத்துக்குப் போனாள். உஸ்தாத் பர்கா காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார், சத்தமாக, கையை ஆட்டி. அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க அக்கா, வாங்க. எங்க வேணும்னாலும் உக்காரலாம்!"

தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பெயர்களை வாசித்தார். இரண்டு பெயருக்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. காது அடைத்துப்போனது என்றாள்.

பேசி முடித்துவிட்டு அவர் போனை நீட்டினார். "ஒரு போட்டோ எடுங்க அக்கா. நாற்காலி தெரியாம."

எடுத்தாள்.

"என் சம்சாரம் அப்பவே சொன்னா, செத்தவங்க பேர யாரு கேக்கப் போறான்னு. அவ சொன்னதுதான் சரி. எழுதினதையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு ஒழுங்காப் பாடம் நடத்தப் போறேன்."

"காபி ஆறிடும், உஸ்தாத்" என்றாள் பெரியம்மா.

மத்தியானம் வீட்டில் சமைத்தாள். டாக்ஸி ஓட்டும் தாஹர் பெரியப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாரு செத்துட்டாங்க? உப்பே போடல?" என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"டீன் சொன்னான், நீ செஞ்ச. உன் மேல என்ன தப்பு?"

"டீன் நாற்காலியத்தான் நிரப்பச் சொன்னாரு. பொய்ய நானாத்தான் சொன்னேன். அந்த மனுஷன் இன்னைக்கு பஸ் ஏறிட்டாருன்னா அந்தப் பேரெல்லாம் பரணோட போச்சு."

பெரியப்பா சாவியை எடுத்துக்கொண்டார்.

பஸ் நிலையத்தில் உஸ்தாத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பெரியம்மா படியில் ஏறி நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். உங்களைக் கேட்க ஆள் வந்தது, நான்தான் பொய் சொல்லி முதல் மண்டபத்தில் உட்கார வைத்தேன், ஒருத்தர் பாட்டன் பெயரைத் தேடி வந்தார்.

அவர் கோபப்படுவார், இல்லாவிட்டால் சிரித்து மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"அவர் பேரு என்ன?"

"கேக்கல."

"வீடு?"

"தெரியாது, உஸ்தாத்."

"என்ன அக்கா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "இப்ப நான் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது."

கண்டக்டர் கத்தினான். "அம்மா, வரீங்களா, வழியனுப்புறீங்களா? சீக்கிரம் முடிவு பண்ணுங்க, சஹாரா ஓடிடாது, பஸ் ஓடிடும்!"

உஸ்தாத் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பெரியப்பாவின் டாக்ஸி அவரைப் பெரியம்மா வீட்டுக்கே கொண்டுவந்தது.

அன்று சாயங்காலம் பெரியம்மா எங்களைப் படிக்கட்டில் நிறுத்தி ஊரெங்கும் துரத்தினாள். "என் கேக்கத் தின்னு வளந்த கழுதைங்களா, இப்ப ஒரு ஆளப் பிடிச்சுட்டு வாங்க பாக்கலாம்!" தெற்கத்திக்காரர்களைத் தேட எனக்கு ஒரே வழிதான் தெரியும்: தள்ளுவண்டியில் புதினா டீயும் வறுத்த நிலக்கடலையும் விற்கிற அவர்கள் ஊர் ஆட்கள். மூன்றாவது வண்டிக்காரன் வெள்ளைத் தலைப்பாகை, கைத்தடி என்றதும், "பிலால் ஹாஜ். புது நகரத்துல மக வீட்டுல இருக்காரு" என்றான்.

மறுநாள் போய்க் கூப்பிட்டேன். கிழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தண்ணி வந்து சேந்துடுச்சா?"

நான் அவர் கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன்.

"மறுபடியும் மிட்டாய் குடுத்து உக்கார வைக்கவா கூப்பிடற?" என்றார்.

"இல்ல ஹாஜ். இந்தத் தடவ கால்வாயப் பத்திப் பேச வந்தவர்தான் உங்களுக்காக உக்காந்திருக்காரு."

வந்தார். பெரியம்மா வீட்டு முன்னறையில் இருவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். உஸ்தாத்தின் காகிதங்களில் கிழவருடைய பாட்டன் பெயர் இல்லை. கிழவர் அதற்காக வருந்தவில்லை. பாட்டன் பெயரைச் சொன்னார், பிறகு கூடத் தோண்டியவர்கள், மண் சரிந்து உள்ளேயே போனவர்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். உஸ்தாத், "மெதுவா, ஹாஜ், மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டு எழுதினார். எங்கள் பட்டாளம் வாசலில் நின்றது. ஒருவனும் கலைந்து போகவில்லை, தின்ன எதுவும் கொடுக்காமலே.

பெரியம்மா தட்டை என்னிடம் கொடுத்து அனுப்பிவிட்டுச் சமையலறையில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அக்கா, நீங்களும் உள்ள வந்து கேளுங்க" என்று உஸ்தாத் கூப்பிட்டார்.

"நீங்க பேசுங்க, உஸ்தாத். எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

கிழவர், "வா மகளே" என்றார். அவள் சமையல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், நகரவில்லை.

அடுப்பு எரியவில்லை. நான் காட்டிக்கொடுக்கவில்லை.